திட்டமில்லாமல் ஒரு நாள்: ஜெர்மனியின் சின்ன ஊர்களுக்குக் காரில் போவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடம் மே மாதம் ஒரு சனிக்கிழமை காலை காய்கறி வாங்கக் கிளம்பிய நானும் என் வீட்டுக்காரரும் வீடு திரும்பும்போது நள்ளிரவு. துருக்கிக் கடையில் கத்தரிக்காய், வெண்டைக்காய், இரண்டு கட்டு கொத்தமல்லி எல்லாம் வாங்கி டிக்கியில் வைத்துவிட்டு, வெயில் இவ்வளவு நன்றாக அடிக்கிறதே என்று அப்படியே வடக்கே வண்டியை விட்டோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் இப்படிப் பலமுறை போயாகிவிட்டது. நாங்கள் எடுத்த போட்டோக்களைப் பார்த்த ஆபீஸ் நண்பர்கள், புதிதாக இங்கே வந்தவர்கள், ஊரிலிருந்து வரப்போகிற சொந்தக்காரர்கள் என்று எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பி அலுத்துவிட்டது. அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு பதில் எழுதியிருக்கிறேன்.

முதல்ல இதைச் சொல்லுங்க, எங்கேருந்து எங்கே போனீங்க? மொத்தம் எவ்வளவு தூரம்?

நாங்கள் இருப்பது ஆக்ஸ்புர்க், தெற்கு ஜெர்மனியில் பவேரியா மாநிலத்து ஊர். அங்கிருந்து பி2 சாலையில் வடக்கே டோனாவோர்ட், அப்புறம் பி25 பிடித்து ஹார்புர்க், நோர்ட்லிங்கன், டிங்கல்ஸ்ப்யூல். வந்த வழியே திரும்பி வந்தோம். போக வர சுமார் 220 கிலோமீட்டர் இருக்கும், ஆட்டோபான் (அதிவேக நெடுஞ்சாலை) ஏறவே இல்லை.

இந்த பி25 பெரும்பாலும் 'ரொமான்டிஷே ஷ்ட்ராஸே' (ரொமான்டிக் சாலை) என்று பெயர் வைத்திருக்கிற சுற்றுலாப் பாதையோடு சேர்ந்தே போகிறது. வூர்ட்ஸ்புர்க்கில் தொடங்கி ஆல்ப்ஸ் அடிவாரத்து ஃபூஸன் வரை போகும் பாதை அது. பெயரைப் பார்த்து ஏதோ பழங்காலத்து ராஜபாட்டை என்று நினைக்க வேண்டாம். இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐந்து வருடம் கழித்து, 1950-இல் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்க வைத்த பெயர்தான்.

பிளான் இல்லாமன்னா நிஜமாவே ஒண்ணுமே பாக்காமலா கிளம்பினீங்க? நம்பவே முடியல அக்கா.

எந்த ஊருக்குப் போகிறோம் என்பது தெரியாது, உண்மை. ஆனால் பெட்ரோல் முக்கால் டேங்க் இருந்தது, கையில் 60 யூரோ நோட்டாக இருந்தது, மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல் கிடைக்காது என்பது தெரியும். இடத்தை முடிவு செய்யாமல் போகலாம், கடிகாரத்தைப் பார்க்காமல் போக முடியாது. ஜெர்மன் சின்ன ஊர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரக்கணக்கு இருக்கிறது, அது தெரியாமல் போனால் பூட்டிய கதவைத்தான் படம் எடுத்துக்கொண்டு வர வேண்டும். கீழே சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை கேள்விகளில் விவரமாகச் சொல்கிறேன்.

இன்னொன்று, ஒரு நாளுக்கு மூன்று ஊருக்கு மேல் வேண்டாம். முதல் முறை நான்காவதாக ஃபொய்க்ட்வாங்கனும் பார்த்துவிடலாம் என்று எனக்கு ஆசை. டிங்கல்ஸ்ப்யூலிலிருந்து 12 கிலோமீட்டர்தான். வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

எந்த ஊர்ல நிறுத்தணும்னு எப்படி கண்டுபிடிக்கறீங்க?

பழுப்பு நிறப் பலகைகள். கோட்டை, பழைய நகரம், மடாலயம் எதுவாக இருந்தாலும் ஒரு சின்னப் படத்தோடு சாலையோரம் வைத்திருப்பார்கள். ஹார்புர்க்கில் அந்தப் பலகைகூடத் தேவைப்படவில்லை. வளைவில் திரும்பினால் வேர்னிட்ஸ் ஆற்றுக்கு மேலே மலையில் கோட்டை தொங்குகிற மாதிரி நிற்கும். கொஞ்சம் கவனம் பிசகினால் பி25 அந்தக் கோட்டைமலைக்கு அடியிலேயே சுரங்கமாகப் போய் மறுபக்கம் விட்டுவிடும், பார்க்காமலே தாண்டிவிடுவீர்கள். நாங்கள் தாண்டித்தான் போனோம், திரும்பி வந்து ஊருக்குள் நுழைந்தோம்.

எங்களுக்குள் ஒரு சட்டம்: யாராவது ஒருவர் 'நிறுத்து' என்றால் அடுத்தவர் ஏன் என்று கேட்கக் கூடாது.

இந்தியா லைசென்ஸ் வெச்சிருக்கேன், அதை வெச்சு ஓட்டலாமா?

சுற்றிப் பார்க்க வந்திருந்தால் ஓட்டலாம். சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ ஜெர்மன் மொழிபெயர்ப்போ கூடவே வைத்திருங்கள், வாடகைக் கார் கொடுப்பவர்களும் கேட்பார்கள். இங்கே குடியேறியவர் என்றால் குடியேறியதிலிருந்து 6 மாதம் மட்டும்தான். ஏழாவது மாதம் அதே லைசென்ஸோடு ஓட்டினால் லைசென்ஸே இல்லாமல் ஓட்டியதாகக் கணக்கு, அது வெறும் அபராதத்தோடு போகிற விஷயம் இல்லை, குற்ற வழக்கு. 'எல்லாரும் ஓட்டுறாங்க' என்று சொல்லும் நண்பரை நம்பாதீர்கள்.

சில நாட்டு லைசென்ஸ்களை அப்படியே மாற்றித் தருவார்கள், அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டிலும் தேறியே ஆக வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம் என்பது ஒரு ஆறுதல்.

கிராமத்து ரோடுதானே, ஜாலியா ஓட்டலாம்ல? எனக்கு ஆட்டோபான்தான் பயம்.

தலைகீழ். ஆட்டோபானில் எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள். கிராமத்துச் சாலையில்தான் வளைவு, டிராக்டர், எதிரே வண்டி, சாயங்காலமானால் மான். ஊருக்கு வெளியே 100 வரை போகலாம். மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயர் வந்த அந்த இடத்திலேயே 50 ஆகிவிட வேண்டும், '50' என்று தனியாக எழுதியிருக்க மாட்டார்கள். பெயரின் மேல் சிவப்புக் கோடு போட்ட பலகை வந்தால் ஊர் முடிந்தது. வேகக் கேமராவை இங்கே 'பிளிட்ஸர்' என்பார்கள். நம் ஆட்கள் பலர் அதோடு முதலில் அறிமுகமாவது இந்த மஞ்சள் பலகைக்கு அப்புறம்தான்.

அதைவிட முக்கியம், பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலது பக்கமிருந்து வருபவருக்குத்தான் முதல் உரிமை. நீங்கள் வரும் தெரு அகலமாக இருக்கலாம், அவர் ஒரு சந்திலிருந்து வரலாம், அதெல்லாம் கணக்கே இல்லை. அவர் நிற்காமல் வருவார், நீங்கள்தான் நிற்க வேண்டும். நம் ஊரில் யார் ஹாரன் பெரிதோ அவர் முதலில் போய்ப் பழகிய காலுக்கு இது பிடிபட எங்களுக்கு ஆறு மாதம் ஆனது.

வண்டியில் எச்சரிக்கை முக்கோணம், பளிச்சென்ற மேற்சட்டை, முதலுதவிப் பெட்டி மூன்றும் கட்டாயம். வாடகைக் கார் என்றால் கிளம்பும் முன் டிக்கியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

பார்க்கிங் எப்படி? அந்த நீலக் கலர் அட்டை என்னன்னே புரியல.

அந்த அட்டைதான் 'பார்க்ஷைபே', நீங்கள் வந்து நிறுத்திய நேரத்தைக் காட்டும் சக்கரம். பலகையில் அந்த அட்டைப் படமும் '2 மணி நேரம்' என்றும் இருந்தால் காசு கிடையாது, ஆனால் அட்டை கண்ணாடிக்குப் பின்னால் தெரிய வேண்டும். வந்த நேரத்துக்கு அடுத்த அரை மணிக் கோட்டில் வைக்க வேண்டும், இதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 11:05-க்கு வந்தால் 11:30. 11:40-க்கு வந்தால் 12. ஆக 11:05-க்கு வந்தவருக்குச் சும்மாவே 25 நிமிடம் லாபம்.

ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) இந்த அட்டைக்குப் பதிலாக நான் ஒரு காகிதத்தில் அழகாக '10.20' என்று எழுதி வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் வைப்பரில் 20 யூரோ அபராதச் சீட்டு செருகியிருந்தது, என் காகிதத்துக்கு நேர் மேலே. அட்டை பெட்ரோல் பங்கிலேயே சில யூரோவுக்குக் கிடைக்கும், இப்போது இரண்டு வைத்திருக்கிறோம்.

மதில் சூழ்ந்த ஊர்களில் வண்டியை உள்ளே கொண்டுபோகவே முயற்சி செய்யாதீர்கள். நோர்ட்லிங்கனில் மதிலுக்கு வெளியே காய்ஸர்வீஸே என்று ஒரு பெரிய திடல் இருக்கிறது, அங்கே விட்டுவிட்டு வாசல் வழியாக நடந்து நுழைவதுதான் அழகு. பெரும்பாலும் ஜூனில் அந்தத் திடலில் திருவிழாச் சந்தை நடக்கும், ராட்டினம் எல்லாம் போட்டுவிடுவார்கள், அப்போது மட்டும் வேறு இடம் தேட வேண்டும்.

நோர்ட்லிங்கன்ல அப்படி என்னதான் இருக்கு? எல்லாரும் ஏதோ விண்கல்லுன்னு சொல்றாங்களே.

அந்த ஊரே ஒரு விண்கல் விழுந்த பள்ளத்துக்குள்தான் இருக்கிறது. ஏறக்குறைய 1.5 கோடி வருடங்களுக்கு முன்னால், ஒரு கிலோமீட்டருக்கு மேல் குறுக்களவுள்ள ஒரு கல் விழுந்து சுமார் 25 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்தது. 'ரீஸ்' என்பது அந்தச் சமவெளியின் பெயர். மதிலுக்குள் இருக்கிற பழைய ஊரும் சுமார் ஒரு கிலோமீட்டர் வட்டம்தான். விழுந்த கல் கிட்டத்தட்ட இந்த ஊரளவு என்று நினைத்துக்கொண்டு மதில்மேல் நடந்து பாருங்கள், அடிவயிறு ஒரு மாதிரி இருக்கும்.

இதை ரொம்ப நாள் எரிமலை வாய் என்றுதான் நினைத்திருக்கிறார்கள். 1960-இல் யூஜின் ஷூமேக்கர், எட்வர்ட் சாவோ என்ற இரண்டு புவியியலாளர்கள் இங்கத்துக் கல்லில் கோசைட் என்ற கனிமம் இருப்பதைக் காட்டினார்கள். மிகப் பெரிய அழுத்தத்தில்தான் அது உண்டாகும், எரிமலையால் அந்த அழுத்தத்தைத் தர முடியாது. அதோடு வழக்கு முடிந்தது. 1970-இல் அப்போலோ 14 விண்வெளி வீரர்கள், நிலவில் எந்தக் கல்லைப் பொறுக்குவது என்று கற்றுக்கொள்ள இங்கே வந்து போனார்கள். ஊர் நடுவில் நிற்கும் புனித கேயார்க் தேவாலயத்தைக் கட்டியதே மோதலில் உருகிச் சேர்ந்த 'ஸ்வேவிட்' கல்லால்தான். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத வைரத்துகள்கள் இருக்கின்றன. நான் சுவரில் கையை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று, நம் ஊரில் பூசாத சிமென்ட் சுவர் மாதிரிதான் இருந்தது. 'வைரம் ஒட்டிச்சா?' என்று கேட்டார் வீட்டுக்காரர்.

தேவாலயத்தின் கோபுரத்துக்கு 'டானியல்' என்று பெயர். 90 மீட்டர், 350 படி. மேலே நின்றால் சிவப்பு ஓட்டு வீடுகள் வட்டமாக, அதைச் சுற்றி வயல், அதையும் தாண்டித் தொலைவில் சுற்றிலும் குன்றுகள். அந்தக் குன்றுகள்தான் பள்ளத்தின் விளிம்பு. இறங்கியபின் மதில். 2.7 கிலோமீட்டர் முழுச் சுற்றும், தலைக்குமேல் ஓடு வேய்ந்த மரநடையில், ஐந்து வாசல்களையும் தாண்டி நடக்கலாம், காசு கிடையாது. நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம். பாதி வழியில் யாரோ ஒரு பாட்டி தன் கொல்லையில் துணி காயப்போடுவது நேர் கீழே தெரிந்தது. நிமிர்ந்து பார்த்து 'க்ரூஸ் காட்' என்றார், இந்தப் பக்கத்து வணக்கம் அது.

டிங்கல்ஸ்ப்யூலும் அதே மாதிரி மதில், அதே மாதிரி வீடு. ஒண்ணு பாத்தா போதாதா?

இப்படித்தான் நானும் நினைத்தேன். ஆனால் நோர்ட்லிங்கன் சாம்பல் நிறம், டிங்கல்ஸ்ப்யூல் வண்ணப்பெட்டி. கூரை முக்கோணங்கள் தெருவைப் பார்த்தபடி மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு என்று வரிசையாக நிற்கும். 1448 முதல் 1499 வரை கட்டிய தேவாலயம் ஒன்று இருக்கிறது, அதுவும் புனித கேயார்க்தான். இரண்டாம் உலகப்போரிலும் இந்த ஊர் தப்பித்துவிட்டது. 1826-இல் மதிலை இடிக்கக் கூடாது என்று பவேரியாவின் முதலாம் லுட்விக் மன்னர் தடை போட்டதால்தான் இன்றைக்கு நான்கு வாசலோடு நிற்கிறது.

நீங்கள் ஜூலையில் போவதாக இருந்தால் 'கிண்டர்ஸெஹே' விழா. முப்பதாண்டுப் போரில், 1632-இல், ஊரை முற்றுகையிட்ட சுவீடன் படைத்தலைவரிடம் குழந்தைகள் போய்க் கெஞ்சி ஊரைக் காப்பாற்றினார்கள் என்று கதை. அதை ஊரே நடித்துக் காட்டும். அந்த நாட்களில் சும்மா நிதானமாகச் சுற்றலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், கூட்டம் நெரியும்.

ரோத்தன்புர்க் அவ்வளவு பக்கத்துல வந்துட்டு பாக்காம திரும்பினீங்களா? அதுதானே ஃபேமஸ்!

ஃபேமஸ் என்பதால்தான். டிங்கல்ஸ்ப்யூலிலிருந்து இன்னும் சுமார் 45 கிலோமீட்டர் போயிருக்கலாம், போய் ஒரு மணி நேரம் பேருந்துக் கூட்டத்துக்கு நடுவில் நின்றுவிட்டு இருட்டில் திரும்பியிருப்போம். ரோத்தன்புர்க் அழகான ஊர், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அங்கே ஓர் இரவு தங்க வேண்டும், பகல் கூட்டம் கிளம்பியபின் சாயங்காலம் பார்க்க வேண்டும். பலருக்குத் தெரியாதது, 1945 மார்ச் 31 குண்டுவீச்சில் அதன் பழைய நகரத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் அழிந்துபோனது. மதிலைத் திரும்பக் கட்டப் பல நாட்டவரும் பணம் கொடுத்தார்கள், அவர்கள் பெயர்களைக் கற்களில் பொறித்து மதில் நெடுகப் பதித்திருக்கிறார்கள். அதையெல்லாம் நின்று வாசிக்க ஒரு மணி நேரம் போதுமா?

சாப்பாட்டுக்கு என்ன பண்ணீங்க? நாங்க சுத்த சைவம்.

முதலில் நேரம். பல சின்ன ஊர்களில் சமையலறை 2 மணிக்கு மூடினால் மறுபடி 5, 5:30-க்குத்தான் அடுப்பு மூட்டுவார்கள். ஒரு முறை 2:10-க்கு ஓர் உணவகத்துக்குள் நுழைந்தோம், மேஜையெல்லாம் காலி, பணிப்பெண் சிரித்த முகத்தோடு 'குடிக்க ஏதாவது தரலாம்' என்றார். அன்றைக்கு மதியச் சாப்பாடு ஆப்பிள் ஜூஸ். திங்கள், செவ்வாயில் பல கடைகளுக்கு வார விடுமுறை வேறு. வாசலில் 'ரூஹெடாக்' என்று எழுதியிருக்கும்.

சைவத்துக்குக் கைகொடுப்பது 'கேஸஷ்பெட்ஸ்லே'. மாவுத்துண்டுகளைப் பாலாடைக்கட்டியோடு புரட்டி, மேலே வறுத்த வெங்காயம் போட்டுத் தருவார்கள். மாவில் முட்டை உண்டு, சுத்த சைவம் என்றால் அதுவும் ஆகாது. வறுத்த உருளைக்கிழங்கு கேட்டால் பன்றிக்கொழுப்புத் துண்டு போட்டிருக்க வாய்ப்பு அதிகம், 'ஓனே ஷ்பெக்' (கொழுப்புத் துண்டு இல்லாமல்) என்று சொல்லிக் கேளுங்கள். சூப்பு பெரும்பாலும் இறைச்சி வேகவைத்த நீர். இத்தனை கேள்வி கேட்க அலுப்பாக இருந்தால் தயிர்சாதமும் ஊறுகாயும் கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரை பெஞ்சில் உட்காருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். 3 மணிக்கு மேல் எந்த ஊரிலும் காபியும் கேக்கும் நிச்சயம்.

ஞாயித்துக்கிழமைதான் எங்களுக்கு லீவு. அன்னிக்குப் போலாமா?

தாராளமாக, ஊர் அமைதியாக இருக்கும், அமைதி என்றால் நிஜமான அமைதி. கடை எதுவும் திறக்காது. பேக்கரி காலையில் சில மணி நேரம், பெட்ரோல் பங்க், உணவகம், ஐஸ்கிரீம் கடை, இவ்வளவுதான். தண்ணீரும் நொறுக்குத்தீனியும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். தேவாலயங்களில் காலை வழிபாடு முடியும்வரை சுற்றிப் பார்க்க உள்ளே போகக் கூடாது.

ஆக்ஸ்புர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். ஆகஸ்ட் 8 எங்கள் ஊருக்கு மட்டுமே அரசு விடுமுறை, 'ஃப்ரீடன்ஸ்ஃபெஸ்ட்' என்ற அமைதி விழா. நமக்கு லீவு, பக்கத்து ஊர்க் கடையெல்லாம் திறந்திருக்கும். இதைவிட நல்ல நாள் கிடையாது.

கார்டு போதுமா? அப்புறம்... டாய்லெட்?

கார்டு போதாது. 'நூர் பார்ட்ஸாலுங்' என்று கையால் எழுதி ஒட்டிய கடைகள் இன்னும் இருக்கின்றன, பணம் மட்டும்தான் என்று அர்த்தம். 50 சென்ட், ஒரு யூரோ நாணயங்களைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே வையுங்கள், பார்க்கிங் இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் அதுதான். பல ஊர்களில் கடை வாசலில் 'நெட்டே டாய்லெட்டே' என்று ஸ்டிக்கர் இருக்கும், அங்கே எதுவும் வாங்காமலே உள்ளே போய் வரலாம். எதுவும் இல்லையென்றால் ஒரு காபி வாங்குங்கள், அதுதான் நுழைவுச்சீட்டு.

அம்மா அப்பாவைக் கூட்டிட்டுப் போலாமா? அம்மாவுக்கு முட்டி வலி.

கூட்டிப்போகலாம், 350 படியை மட்டும் நினைக்காதீர்கள். மதில்மேல் ஏறவும் செங்குத்தான மரப்படி உண்டு. டிங்கல்ஸ்ப்யூலில் சமதளமாகச் சுற்றலாம், ஆனால் தெருவெல்லாம் கல் பாவியது, செருப்பு வேண்டாம், ஷூ. என் மாமியார் வந்தபோது சந்தைத் திடலில் ஒரு பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கூரைமேல் கூடு கட்டிய நாரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டையைவிட அதுதான் அவருக்குப் பிடித்திருந்தது.

கார் இல்லாம இதே மாதிரி போக முடியுமா?

நோர்ட்லிங்கனுக்கு முடியும். டோனாவோர்ட்டில் மாறிப் போகிற உள்ளூர் ரயில் இருக்கிறது, டாய்ச்லாண்ட் டிக்கெட் (நாடு முழுக்க உள்ளூர் ரயில், பேருந்துக்கான மாதச் சீட்டு) செல்லும். ஆனால் அது திட்டமிட்ட பயணம் ஆகிவிடும், அடுத்த ரயில் எப்போது என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கும். 'நிறுத்து' என்று ரயிலில் சொல்ல முடியாதே.

ஒரு பீர் மட்டும் குடிச்சிட்டு ஓட்டலாம்னு ஃப்ரெண்டு சொல்றான், உண்மையா?

பொதுவான வரம்பு 0.5 ப்ரொமில், அதாவது ரத்தத்தில் ஆயிரத்தில் அரைப் பங்கு ஆல்கஹால். புதிதாக லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடச் சோதனைக் காலத்தில் இருப்பவருக்கும், 21 வயது ஆகாதவருக்கும் பூஜ்யம். ஒரு பீருக்கு உங்கள் உடம்பில் எவ்வளவு ஏறும் என்று உங்கள் நண்பருக்குத் தெரியாது. எங்கள் வழக்கம், ஓட்டுபவருக்கு ஆல்கஹால் இல்லாத கோதுமை பீர். இங்கே அதையும் சிரத்தையாகத்தான் காய்ச்சுகிறார்கள்.

உண்மையைச் சொல்லு, நாள் பூரா ரெண்டு பேரும் ஒரே வண்டியில... சண்டையே வரலையா?

வந்தது. டோனாவோர்ட்டில் இடதா நேரா என்று போனைப் பார்த்துச் சொல்ல எனக்கு இரண்டு விநாடி தாமதம், அவர் போனைப் பிடுங்கப் பார்த்தார். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் 100 யூரோவும் லைசென்ஸில் ஒரு புள்ளியும் என்று நான் சட்டம் பேச, அடுத்த 12 கிலோமீட்டர் மௌனம். ஹார்புர்க் கோட்டையைத் தாண்டிப் போனதும் அந்த மௌனத்தில்தான். அப்புறம் யார் முதலில் பேசினோம் என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.

கிளம்பும்போதே லேட்டு, திரும்ப ராத்திரி ஆயிடுமே. குளிர்காலத்துல என்ன பண்றது?

டிசம்பரில் நாலரைக்குள் இருட்டிவிடும், ஹார்புர்க் கோட்டையும் குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஒரே ஊரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், குளிர்கால டயர் இல்லாமல் கிளம்பவே கூடாது. மே, ஜூன், ஜூலையில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அதனால் நேரமானதே தெரியாது. பொழுது சாயும்போது காட்டோரச் சாலையில், மான் படம் போட்ட முக்கோணப் பலகை இருக்கும் இடத்தில், 70-க்கு மேல் போகாதீர்கள்.

இரவு திரும்புவதில் ஒரு லாபமும் இருக்கிறது. டானியல் கோபுரத்தில் இன்றும் காவல்காரர் ஒருவர் இரவு 10 முதல் 12 வரை அரை மணிக்கு ஒரு தடவை 'ஸோ க்ஸெல் ஸோ' என்று கீழே பார்த்துக் குரல் கொடுப்பார். 1440-இல் எதிரியிடம் காசு வாங்கிக்கொண்டு காவலர்கள் ஊர் மதிலின் வாசல் கதவைத் தாழிடாமல் விட்டார்களாம், ஒரு பன்றி வந்து முதுகைத் தேய்க்கப்போய்க் கதவு திறந்துகொண்டதாம், அதைப் பார்த்த ஒரு பெண் போட்ட சத்தமாம் இது. அன்றைக்குத் திரும்பும் வழியில் நோர்ட்லிங்கனில் வண்டியை விட்டுவிட்டு 9:50-க்குத் தேவாலய வாசலில் போய் நின்றோம். எங்களைத் தவிர நாயோடு ஒருவர் மட்டும். மணி பத்து அடித்து ஓய்ந்தது, மேலிருந்து நீளமாக ஒரு குரல். நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது, அவர் பார்க்கவில்லை, தினமும் கேட்கிறார் போல. 'பத்தரைக்கும் கூப்பிடுவாரு, இருக்கலாமா?' என்றார் வீட்டுக்காரர். இருந்தோம். டிக்கியில் கொத்தமல்லி வாடிப்போயிருந்தது, மறுநாள் துவையல் அரைத்தேன்.